ரீசெட் பட்டனை அழுத்தும் முன்

பாய்லர் வெடித்தது என்று செய்தி வந்தால், நீராவி அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் எண்ணெயில் எரியும் பாய்லரில் இன்னொரு வகை வெடிப்பும் இருக்கிறது. அது தண்ணீர்ப் பக்கத்தில் நிகழ்வதில்லை, நெருப்பு எரியும் அறைக்குள்ளேயே நிகழ்கிறது. பர்னரைப் பற்றவைக்கும் நேரத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். தொடங்கும் முன் செய்யும் ஆயத்தங்கள் ஏன் இத்தனை என்று சலித்துக்கொள்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆயத்தங்கள் பெரும்பாலும் இரண்டு தேவைகளுக்குள் அடங்கும். எண்ணெய் நன்றாக எரியும் பக்குவத்துக்கு வரவேண்டும். எரியாத எண்ணெயோ அதன் ஆவியோ அறைக்குள் தங்கியிருக்கக் கூடாது.

முதலில் எண்ணெய். ஃபர்னஸ் ஆயில் திரவமாக எரிவதில்லை. நாசில் அதை நுண்துளிகளாகச் சிதறடிக்க, அத்துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். நடுத்தர வகை ஆயிலின் பிசுக்குமை 50 டிகிரி செல்சியஸில் 180 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். அழுத்தத்தால் தெளிக்கும் பர்னருக்கோ அது 15 முதல் 20-க்குள் இறங்கவேண்டும். அதற்கு எண்ணெயை ஏறத்தாழ 100 முதல் 115 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. ஹீட்டர் மட்டும் சூடானால் போதாது. நாசில்வரை போகும் குழாயில் முந்தைய நாளின் ஆறிய எண்ணெய் நிற்கும். சூடான எண்ணெயைச் சுற்றுக்குழாயில் ஓடவிட்டு, பர்னர் முனையில் உள்ள வெப்பமானி காட்டுவதைத்தான் நம்பவேண்டும். ஆறிய எண்ணெய் பெருந்துளியாக விழுந்து, பாதி எரிந்து, மீதி தரையில் தேங்கும்.

அன்றாட எண்ணெய்த் தொட்டியான டே டேங்கின் அடியில் சேர்ந்த தண்ணீரை முன்னதாகவே வடித்துவிட வேண்டும். 100 டிகிரியைத் தாண்டும் எண்ணெயில் தண்ணீர் இருந்தால் அது நீராவியாகிச் சுடரை விட்டுவிட்டு எரியவைக்கும், சில வேளை அணைத்தும்விடும். ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வது, நாசிலைக் கம்பியால் குத்தாமல் டீசலில் ஊறவைத்துத் துடைப்பது, கேஜ் கிளாஸில் உண்மையான நீர்மட்டம் தெரிகிறதா என்று திறந்து மூடிப் பார்ப்பது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடாமல் செய்தால் போதும்.

அடுத்தது காற்று. பர்னர் எரியும் முன் ஃபேன் மட்டும் ஓடும் நேரத்தைப் பர்ஜ் என்கிறோம். ஒரே பர்னர் உள்ள பாய்லரில், முழுச் சுமைக்குத் தேவையான காற்றில் குறைந்தது 70 சதவீதத்தைச் செலுத்த வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 85 விதி. வாட்டர் டியூப் பாய்லரில் உள்ளிருக்கும் காற்று முழுவதும் எட்டு முறையும், ஃபயர் டியூப் வகையில் நான்கு முறையும் மாறவேண்டும். சிம்னி டேம்பர் மூடியிருந்தால் ஃபேன் எவ்வளவு நேரம் ஓடியும் பயனில்லை.

பர்ஜின் அருமை பர்னர் டிரிப் ஆகி நின்றுவிடும்போதுதான் விளங்கும். சுடர் பிடிக்காவிட்டால், சுடரைக் கண்காணிக்கும் ஃபோட்டோசெல் அதை உணர்ந்து சில நொடிகளில் எண்ணெயை நிறுத்திவிடும். அதற்குள் தெளித்தது அறைக்குள் இருக்கும். ஃபர்னஸ் ஆயிலின் தீப்பற்று நிலை 66 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரவிதி. சற்றுமுன்வரை எரிந்த அறையின் செங்கலோ அதைவிடப் பல மடங்கு சூடு. விழுந்த எண்ணெய் அங்கே புகைந்து ஆவியாகும். கேஸ் கசிந்த சமையலறையில் முதலில் ஜன்னலைத் திறக்கிறோம், தீக்குச்சியைத் தேடுவதில்லை. ஆனால் பாய்லர் அறையில் பலமுறை, பர்னரை மீண்டும் தொடங்கவைக்கும் ரீசெட் பட்டனை அடுத்தடுத்து அழுத்துகிறார்கள். ஒவ்வோர் அழுத்தலும் இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளே சேர்க்கிறது. பர்ஜ் நேரத்தைக் குறைத்து வைத்திருந்தாலோ, ஃபோட்டோசெல்லை டார்ச் வெளிச்சத்தால் ஏமாற்றினாலோ, கடைசிப் பொறி மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கும். ஒருமுறை டிரிப் ஆனால் காரணத்தைத் தேடவேண்டும்: எண்ணெய் வெப்பமா, அழுத்தமா, எலெக்ட்ரோடு இடைவெளியா, கரி படிந்த ஃபோட்டோசெல்லா? தரையில் எண்ணெய் தேங்கியிருந்தால், அதைத் துடைத்தெடுத்து முழு பர்ஜ் முடித்த பிறகே அடுத்த முயற்சி.

இதையெல்லாம் பாய்லர் அட்டெண்டன்ட் அறியாதவர் அல்ல. நீராவி எப்போது வரும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் போன்தான் அவரை அவசரப்படுத்துகிறது. இந்தியாவில் கொதிகலன்களுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. எந்தச் சட்டமும் தினந்தோறும் காலையில் பாய்லர் அறையில் வந்து நிற்காது. எண்ணெயைச் சூடாக்கும் நேரத்தையும் பர்ஜ் நேரத்தையும் ஷிப்ட் கணக்கிலேயே நிர்வாகம் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு டிரிப்பும் காரணத்தோடு லாக் புத்தகத்தில் ஏறவேண்டும். “இப்போது பற்றவைக்க முடியாது” என்று அட்டெண்டன்ட் சொன்னால், அந்தப் பேச்சுக்கு மேல் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது.