நாய்க்கு வாத்தியார்

கல்யாணத் தரகர்களின் நோட்டுப் புத்தகத்தில் மூன்று வகை உத்தியோகம்தான் உண்டு. கவர்மென்ட், பேங்க், மற்றவை. அந்த ‘மற்றவை’யில்கூட இடம் கிடைக்காத வேலை ஒன்றைச் செய்யப்போவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார்.

நாய் டிரெய்னர்!

நண்பருக்கு வயது 26. என்னைப்போல அவரும் பி.காம். கோவில்பட்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதி நெருங்கினால் மனிதருக்குக் கண் சிவந்துவிடும். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்பா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஏலே, நாய் படாத பாடு பட்டு உன்னைப் படிக்க வெச்சேன். நீ நாயைப் படிக்க வைக்கப் போறியாக்கும்?”

கேள்வி நியாயம்தான். ஆனால் கோவில்பட்டி வட்டாரத்தில் இதைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஏனென்றால் இது நாய்களின் சீமை!

ஊர் என்றால் நமக்குக் கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் இன்னொரு பெருமை நாலு காலில் நிற்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை. ஊர்ப்பெயரே நாயின் பெயர். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம். பார்ப்பவர்கள் “என்னய்யா, சோறே போடுறதில்லையா?” என்று கேட்பார்கள். அதன் உடல்வாகே அப்படி. பக்கத்திலேயே கன்னி நாய். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் வடமேற்கே போனால் ராஜபாளையம். 2005 ஜனவரியில் தபால் இலாகா நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று நம்ம ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் ரேடியோவில் பேசியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று வரிசையாகப் பெயர் சொன்னார்.

இத்தனை கௌரவம் இருக்கிறது. ஆனால் வேலை இல்லை!

கன்னியும் சிப்பிப்பாறையும் எதற்காக உருவான இனங்கள்? புன்செய்க் காட்டில் முயல் விரட்ட. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் சாதி. தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், புறப்பட்டுவிடும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றம். சட்டம் சரியானதுதான். ஆனால் நாய்க்கு யார் கெஜட்டைப் படித்துக் காட்டுவது? ஓடப் பிறந்த பிராணி இன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே மூன்றடிச் சங்கிலியில் நிற்கிறது. பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாலிபனுக்கு என்ன கோபம் வருமோ, அதே கோபம் அதற்கும் வருகிறது. நாம் திண்ணையில் அரசியல் பேசித் தணித்துக்கொள்கிறோம். அது கொரியர் பையனின் பேன்ட்டைப் பிடிக்கிறது.

இங்கேதான் டிரெய்னர் வருகிறார்.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நாயின் மூளை ஒரு ரொக்கப் புத்தகம். வரவும் பற்றும் அந்தந்த நிமிஷமே பதிவாகிவிட வேண்டும். உட்கார்ந்த மறு வினாடி ஒரு பிஸ்கட் துணுக்கைக் கொடுத்தால், ‘உட்கார்ந்ததற்கு வரவு’ என்று எழுதிக்கொள்ளும். நீங்கள் பாக்கெட்டைத் தேடி, கவரைக் கிழித்து, ஒன்றை நீங்களும் வாயில் போட்டுக்கொண்டு பிறகு கொடுத்தால், அதற்குள் அது எழுந்து நின்று வாலாட்டியிருக்கும். ‘எழுந்ததற்கு வரவு’ என்று எழுதிவிடும். பின்தேதியிட்ட என்ட்ரி எந்த ஆடிட்டரிடம் செல்லுபடியானாலும் நாயிடம் செல்லாது.

தண்டனையும் அப்படித்தான். காலையில் செருப்பைக் கடித்ததற்கு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து அடித்தால், ‘இந்த ஆள் வீட்டுக்குள் நுழைந்தால் அடி விழும்’ என்று மட்டுமே அதற்குப் புரியும். அது தலையைத் தொங்கப்போடுவதை ‘பாருங்க, தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது’ என்று நாம் அர்த்தம் செய்துகொள்கிறோம். அது உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

ரஷ்யாவின் பாவ்லோவ் பெயர் பள்ளிக்கூடத்திலேயே பரிச்சயம். எச்சில் ஊறிய நாய்! 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்காக. நாய்ப் பயிற்சி பற்றி ஜெர்மானியர் கொன்ராட் மோஸ்ட் 1910-லேயே புத்தகம் போட்டார். போலீஸ், ராணுவ வழி. கழுத்துப்பட்டையை வெடுக்கென்று இழுக்கும் முறைகளும் உண்டு. பிறகு அமெரிக்காவில் டால்பினுக்குப் பாடம் எடுத்த கேரன் பிரையர் என்ற அம்மாள், 1984-ல் புத்தகம் எழுதி வேறு திசை காட்டினார். டால்பினை எந்தச் சங்கிலியால் இழுப்பது? கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டால் என்ன செய்வது? மீன் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதே நயம்தான் நாய்க்கும் என்றார். இன்று நல்ல டிரெய்னர்கள் பலரும் இந்தக் கட்சி.

இதே கணக்கில் ஒரு புதிருக்கும் விடை கிடைக்கிறது. தபால்காரரைப் பார்த்து நாய் ஏன் குரைக்கிறது? அவர் வருகிறார். இது குரைக்கிறது. அவர் போய்விடுகிறார். தபாலைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று நமக்குத் தெரியும். ‘நான் துரத்தினேன், ஓடிவிட்டார்’ என்று அது எழுதிக்கொள்கிறது. தினம் தினம் வெற்றி! வருடத்துக்கு முந்நூறு வெற்றி கண்ட வீரனை ஒரே நாளில் எப்படி மாற்றுவீர்கள்?

இன்னொரு வேடிக்கை. பிறந்ததிலிருந்து கரிசல் தமிழ் தவிர வேறு பாஷை பேசாத பெரியவர்கூட நாயைப் பார்த்தால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறார். “டைகர், கம்! சிட்! கோ!” ஏதோ அதன் பாட்டனார் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தமாதிரி. நாய்க்கு எந்த பாஷையும் வெறும் சப்தம்தான். ‘உக்காரு’ என்றாலும் உட்காரும். விதி ஒன்றுதான்: வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அப்பா ‘சிட்’, அம்மா ‘உக்காரு’, பாட்டி ‘சனியனே, சும்மா கெட’ என்றால் அது எந்த பாஷையைப் படிக்கும்?

அதனால்தான் இந்தத் தொழிலின் ரகசியத்தைச் சேர்வதற்கு முன்பே நண்பரிடம் சொல்லிவிட்டேன். “மாப்ளே, நீ பாடம் நடத்தப் போறது நாய்க்கு இல்ல. நாய் வெச்சிருக்கவங்களுக்கு.” நாய் ஐந்து நிமிஷத்தில் உட்காரக் கற்றுக்கொள்ளும். மூக்குக்கு மேலே துணுக்கை வைத்துப் பின்பக்கமாக நகர்த்தினால், தலை நிமிரும், பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். உரிமையாளருக்கு அந்தத் துணுக்கைச் சரியான வினாடியில் கொடுக்க வருவதற்கு ஒரு மாதம் ஆகும்.

இதற்கு எங்கே படிப்பது? போலீஸ், பாதுகாப்புப் படை நாய்களுக்குக் குவாலியர் பக்கம் தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் 1970-லிருந்து இருக்கிறது. ராணுவ நாய்களுக்கு மீரட். இரண்டும் சீருடைக்காரர்களுக்கு. நம்மைப்போன்ற ஆசாமிகளுக்கு வழி, நல்ல டிரெய்னர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, கொட்டகை கழுவி, நூறு நாய்களின் காதையும் வாலையும் படிப்பதுதான். கால்நடை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றாலும் லாபம். நாய் டிரெய்னர் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் டிகிரியோ லைசென்ஸோ கட்டாயமில்லை. இது சௌகரியம் மாதிரித் தெரியும். ஆனால் பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டு திரிகிறவரும் அதே போர்டைத்தான் மாட்டியிருப்பார். ஆகவே வாடிக்கையாளர்களுக்கு ஒரு யோசனை: “நாயை எங்கிட்ட ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க, நீங்க வரவேண்டாம்” என்கிற டிரெய்னரிடம் விடாதீர்கள். உங்கள் கண்ணெதிரே நடக்காத பாடத்தில் என்ன நடக்கிறது என்று நாய் வந்து சொல்லாது.

நண்பருக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டமும் இதுதான். ஆடிட்டர் ஆபீஸை இப்போதைக்கு விடவேண்டாம். ஒரு வருஷம் காலையும் ஞாயிறும் மட்டும் பழகட்டும். எட்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேர்ந்த பிறகு ராஜினாமா. முக்கியமாக, நாட்டு இனத்தைப் படிக்கட்டும். லாப்ரடார் சோற்றுக்காக எதையும் செய்யும். சிப்பிப்பாறைக்கு சோற்றைவிட ஓட்டம் ருசி. அதற்குத் தினமும் வேலி போட்ட இடத்தில் ஓடவிடுவதே சம்பளம். வெள்ளை ராஜபாளையம் கூப்பிட்டால் வரவில்லையென்றால் திமிர் என்று நினைக்கக் கூடாது. வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். செவிட்டு நாய் கைஜாடையில் அருமையாகப் படிக்கும்.

சரி, நாய் வைத்திருப்பவர்களுக்கு சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதைக் கொடுமை என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! இரண்டு வடை, ஒரு டீயோடு பாவமன்னிப்பு. ஆனால் உங்கள் நாய் ஊரைக் கடிக்க நீங்கள் அசட்டையாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குட்டி வாங்குகிறவர்களுக்கு 2017-ம் வருஷ விதி ஒன்று: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் கட்டிப்புரளும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. அந்தக் கல்லூரியிலிருந்து பாதியில் பிடுங்கி வந்த குட்டி உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில்தான் பரீட்சை எழுதும்.

இனி சிரிக்க முடியாத விஷயம். வெறிநாய்க்கடி. உலகில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதர்களுக்கு இது வருவது 99 சதவிகிதம் நாயின் மூலம். கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. அறிகுறி தோன்றுவதற்குள் ஊசி போட்டால் அநேகமாகச் சாவதில்லை. இவ்வளவு தெளிவான நோய் வேறு உண்டா?

கடித்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மந்திரிப்பு எதுவும் வேண்டாம். பிறகு நேரே அரசு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழங்கதை. தோலுக்குள் போடும் முறையில் அன்றைக்கு, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என நாலு முறை. கையில்தான். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ‘குட்டி நாய்தானே, சும்மா கீறல்தானே’ என்று வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பையனுக்குத்தான் அதிக ஆபத்து. திட்டு விழும் என்ற பயம் குழந்தைக்கு இருக்கக் கூடாது.

நண்பரின் விசிட்டிங் கார்டு தயாராகிறது. முதல் வகுப்புக்கு வருகிறவர்கள் நாயோடு அதன் தடுப்பூசிக் கார்டையும் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பாடம் கிடையாது என்று விதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாடிக்கை குறையும் என்று பயப்படுகிறார். நாலு பேர் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன்.

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இன்றைக்கு ஆபீஸ் விட்டுப் போனதும் அந்தக் கார்டைத் தேடுங்கள். கடைசி ஊசி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், நாளைக் காலை கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போடுங்கள். கார்டே கிடைக்கவில்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மானேஜர் காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். அவர் வீட்டிலும் ஒரு டைகர் இருக்கக்கூடும்.