சட்டம் வந்தது, சாந்தி வந்ததா?

கீழே விழுந்து அடிபட்ட குழந்தை அழும். அழுகுரல் அண்டை வீட்டையும் எட்டும். அன்பு காட்ட வேண்டிய கரமே அக்கிரமம் புரிந்திடும்போதோ, அந்தப் பிஞ்சு உள்ளம் வாய்மூடி வாடுகிறது. வெளிவராத துயரை ஆள்வோர் அறிவது எங்ஙனம்?

அறிந்திட ஒரு கூட்டு முயற்சி நடைபெற்றது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், யுனிசெப், சேவ் தி சில்ட்ரன், பிரயாஸ் ஆகிய அமைப்புகளுடன் கைகோத்து, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை சொன்னதென்ன? ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியோர் நூற்றுக்கு 53 பேர்! கொடுமை புரிந்தோரில் பாதிப்பேர், குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பிலே இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை.

2012ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் பிறந்தது. சீருடையின்றியே காவல் அதிகாரி வாக்குமூலம் பெறவேண்டும். குழந்தையை நீதிமன்றத்துக்கு மீண்டும் மீண்டும் அழைத்து அலைக்கழித்தலாகாது. இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிந்திட வேண்டும் — ஏட்டிலே இத்தனையும் உண்டு.

நாட்டிலே? பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியின் ஆய்வாளர்கள், டில்லி, மராட்டியம், கருநாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் தனி நீதிமன்றங்களை ஆராய்ந்தனர். காலதாமதத்தையும், முன்னர்க் கூறியதைக் குழந்தைகளே மன்றத்தில் மறுத்திடும் அவலத்தையும் கண்டனர். சாட்சி சொன்ன அன்று மாலை, குற்றம் சாட்டப்பட்டவனின் சம்பாத்தியத்தில் அடுப்பெரியும் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய குழந்தை, வேறென்ன செய்யும்?

"கொடுமை நடந்ததா?" என்று 2007இல் கேட்டோம். "எந்த உதவி குழந்தையை மீட்டது?" என்று இனிக் கேட்டாக வேண்டும். ஆறுதல் கூறுவோர் வந்தனரா, பள்ளிப் படிப்பு தொடர்ந்ததா, இரவில் உறக்கம் வந்ததா? நீதிமன்றத் தீர்ப்பு இவற்றைச் சொல்லாது. பல்கலைக்கழகம் தனித்து நின்றும் அறியாது. பெயர்களை மறைத்து, பதிவேடுகளை அரசு ஆய்வுக்குத் தரட்டும். ஆய்வு முறையைப் பேராசிரியர் வகுக்கட்டும். எதைக் கேட்பது என்பதை, நாள்தோறும் குழந்தைகளைக் காணும் மருத்துவரும் மனநல ஆலோசகரும், கொடுமையைக் கடந்து வளர்ந்தோரும் கூடி முடிவு செய்யட்டும்.

ஒரு நிபந்தனை! கேள்வி கேட்பவன் பின்னாலேயே உதவிக்கரமும் நின்றாக வேண்டும். புண்ணைக் கிளறிவிட்டுக் கட்டாமல் போவது ஆராய்ச்சி அல்ல. அதுவும் ஒரு கொடுமை. கண்ட முடிவுகள் அலமாரியில் உறங்காமல், அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் பணமாகவும் பணியாளராகவும் வடிவெடுக்கட்டும். வாய் திறந்த குழந்தைக்கு நாடு தரும் மறுமொழி அதுவே!