ஜெயில் கதவும் நீதிபதிகளும்

“ஜெயிலுக்குள் நடப்பது எங்கள் இலாகா விஷயம், கோர்ட்டார் அதில் தலையிடலாகாது” என்று சிறை அதிகாரிகள் சொல்வது புதிதன்று. அன்னிய ஆட்சியில் தேசபக்தர்களைத் தனிக்கொட்டடியில் பூட்டியபோதும் இந்தச் சமாதானமே கூறப்பட்டது. அன்னியர் போயினர், அவர்கள் 1894-ல் இயற்றிய சிறைச் சட்டமும் அது வளர்த்த மனப்பான்மையும் அவர்களுடன் கப்பலேறவில்லை.

1979-ல் டில்லி திஹார் ஜெயிலிலிருந்த மரண தண்டனைக் கைதி ஒருவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மற்றொரு கைதியின் உறவினரிடம் பணம் பறிப்பதற்காக வார்டர் ஒருவர் அக்கைதியைச் சித்திரவதை செய்தார் என்பது அதில் கண்ட புகார். வக்கீல் இல்லை, ஸ்டாம்பு இல்லை. கோர்ட்டார் அக்கடிதத்தையே ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவாக ஏற்று விசாரித்தனர். தீர்ப்பெழுதிய ஸ்ரீ வி. ஆர். கிருஷ்ணய்யர் 1948-ல் தாமே ஒரு மாதம் சிறையிலிருந்தவர். 1957-ல் கேரள மந்திரியாகிச் சிறை இலாகாவையும் நிர்வகித்தவர். பூட்டின் இருபுறமும் அவருக்குத் தெரியும்.

தனிக்கொட்டடி, கடின உழைப்பு, உணவு மாற்றம் முதலிய தண்டனைகளை செஷன்ஸ் ஜட்ஜின் பரிசீலனையின்றி விதிக்கலாகாது. அவசரமாயின் இரண்டு தினங்களுக்குள் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. ஜட்ஜுகளும் ஜில்லா மாஜிஸ்டிரேட்டுகளும் ஜெயில்களுக்குச் சென்று குறை கேட்கவும், புகார்ப் பெட்டிகள் வைக்கவும் உத்தரவிட்டது.

இதனால் ஒழுங்கு குலையும் என்று அஞ்சுவோர் உளர். சிறை நிர்வாகம் எளிய காரியம் என நாம் கூறவில்லை. கொட்டடி பூட்டும் வேளையை சூபரிண்டெண்டே தீர்மானிக்கட்டும். ஆனால், கோர்ட் விதிக்காத தண்டனையைக் கூட்டும் கணத்திலேயே அவர் நீதிபதியாகிவிடுகிறார். நீதிபதியின் தீர்ப்புக்கே அப்பீல் உண்டு. அவருடைய தீர்ப்புக்கு மட்டும் ஏன் கூடாது?

துப்புரவு ஒரு ஜாதிக்கு, சமையல் வேறு ஜாதிக்கு என்று பங்கிட்ட சிறை விதிகளை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது 2024 அக்டோபர் 3-ந் தேதியன்று. அதுவும் பத்திரிகையாளர் ஒருவர் எழுதி, வழக்கும் தொடுத்த பிறகுதான். பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்துவைத்ததும் அவ்வழக்கில் பேசப்பட்டது. அவ்விதிகள் ரகசியமல்ல, அச்சிட்ட கையேடுகளிலேயே இருந்தவை. இத்தனை வருஷம் ஜெயில்களைப் பார்வையிட்டுப் புத்தகத்தில் கையொப்பமிட்ட கனவான்களின் கண்ணில் அவை படவில்லையா?

ஜட்ஜுகள் முன்னறிவிப்பின்றிச் செல்ல வேண்டும். சூபரிண்டெண்டை அப்பால் நிறுத்திக் கைதிகளைத் தனியே விசாரிக்க வேண்டும். புகார்ப் பெட்டியைத் தம் எதிரிலேயே திறக்கச் செய்து, கண்டதைப் பத்திரிகைகளில் வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டும்.