முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் ஒரு கடிதத்துக்காகக் கேமரன் மலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபின், அந்த மலைக்காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களுள் தமிழர்கள் பலர். அவர்களுக்கு ஊர்ச் செய்தி என்பது அரிய பொருளாக இருந்தது. இன்று அதே மலைச்சரிவில் வாழும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் திறன்பேசிக்கு, முன்பின் அறியாதவர்களிடமிருந்தெல்லாம் மின்னஞ்சல் வருகிறது. வெளிநாட்டில் இறந்துபோன செல்வந்தரின் சொத்து காத்திருக்கிறது என்கிறது ஓர் அஞ்சல். சுங்கத்துறையில் பொட்டலம் ஒன்று தடுத்து வைக்கப்பட்டுள்ளது, பணம் கட்டினால் மீட்கலாம் என்கிறது மற்றொன்று. வங்கிக் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த இணைப்பைத் தட்டுக என்று மிரட்டுகிறது வேறொன்று.

இத்தகைய அஞ்சலை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பதே பலரின் வழக்கம். ஆனால், உலகின் பல நாடுகளில் வேறொரு வழக்கமும் பரவியுள்ளது. சிலர் ஏமாந்தவர்போல் நடித்து மோசடிக்காரருக்குப் பதில் எழுதுகிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை, வங்கியில் நீண்ட வரிசை, கணக்கு எண்ணை மறுபடியும் அனுப்புங்கள் என்று சாக்குப்போக்குச் சொல்லி நாள்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். பணம் வரும் என்று காத்திருக்கும் மோசடிக்காரர் கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறார். முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது இவர்களுடைய வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனினும், அந்த முள்ளை யார் கையில் எடுப்பது என்பது ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். கொழுந்து பறிப்பவர் செடியிலுள்ள எல்லா இலைகளையும் பறிப்பதில்லை. நுனியிலுள்ள மொட்டையும் அதையடுத்த இரண்டு இளம் இலைகளையும் கிள்ளிக்கொண்டு, முற்றிய இலைகளைச் செடியிலேயே விட்டுவிடுவார். பறித்த கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி கிடைக்கும் தோட்டத்தில், நேரம் என்பது நேரடியாகப் பணம். பயனற்ற இலையைப் பறித்துப் பிறகு பொறுக்கி எறிந்துகொண்டிருந்தால் அன்றைய கூலி குறையும்.

மோசடிக்காரரின் தொழிலும் இப்படித்தான் நடக்கிறது. மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மாக் ஹெர்லி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக விளக்கியது. மோசடி அஞ்சல்கள் பல ஏன் நம்பவே முடியாத கதைகளோடும், பலரும் கேள்விப்பட்ட நாட்டுப் பெயர்களோடும் வருகின்றன என்று அவர் கேட்டார். இலட்சக்கணக்கானோருக்கு அஞ்சல் அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால், பதில் எழுதுபவர் ஒவ்வொருவரோடும் பேசிப் பணம் கறப்பதற்கு மனித உழைப்பும் நேரமும் தேவை. எனவே, பாதியில் விழித்துக்கொள்பவர் தொடக்கத்திலேயே சிரித்துவிட்டு விலகிப் போவதே மோசடிக்காரருக்கு இலாபம். நம்ப முடியாத கதையையும் நம்புபவர் மட்டுமே அவருக்கு வேண்டும். அந்தக் கதை அவருடைய சல்லடை.

இந்தச் சல்லடையைத்தான் விளையாட்டுக்குப் பதில் எழுதுபவர்கள் கெடுக்கிறார்கள். கொழுந்துபோல் தோன்றி மோசடிக்காரரின் கூடைக்குள் விழும் முற்றிய இலைகள் அவர்கள். இவர்களோடு பேசிக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உண்மையிலேயே ஏமாறக்கூடிய ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அமெரிக்காவில் 'கிட்போகா' என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர், தம் பாட்டி மோசடிகளுக்கு இலக்கானதை அறிந்தபின், 2017ஆம் ஆண்டு முதல் இந்த வேலையைச் செய்து வருகிறார். குரலை மாற்றி, முதிய பெண்மணிபோல் நடித்து, மோசடிக்காரர்களை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் அவருடைய காணொலிகளைப் பலர் பார்க்கிறார்கள். அவற்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மோசடியின் படிநிலைகளையும் கற்றுக்கொள்கிறார்கள். அது பயனுள்ள பாடம் என்பதில் ஐயமில்லை.

இப்பணியை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பான நெட்சேஃப், 2017 நவம்பரில் 'ரீஸ்கேம்' என்னும் கணினி நிரலை அறிமுகப்படுத்தியது. பொதுமக்கள் தங்களுக்கு வந்த மோசடி அஞ்சலை அந்நிரலுக்கு அனுப்பிவிட்டால் போதும். அது வெவ்வேறு மனிதர்கள் எழுதுவதுபோல் மோசடிக்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டேயிருக்கும். பிரிட்டனின் ஓ2 தொலைபேசி நிறுவனம் 2024 நவம்பரில் 'டெய்சி' என்னும் செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை உருவாக்கியது. அந்தப் பாட்டி தம் குடும்பக் கதையையும் பின்னல் வேலையையும் பற்றி நிதானமாகப் பேசிச் சில மோசடிக்காரர்களை 40 நிமிடம்வரை தொலைபேசியிலேயே பிடித்து வைத்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. இயந்திரத்துக்கு வங்கிக் கணக்கும் இல்லை, வீட்டு முகவரியும் இல்லை, களைப்பும் இல்லை. ஆகவே, அதனிடமிருந்து மோசடிக்காரர் பறிப்பதற்கு எதுவுமில்லை.

ஒரு மாணவரின் நிலை அப்படிப்பட்டதன்று. ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ வாழும் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர் தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து மோசடிக்காரருக்கு ஒரு வரி எழுதினாலும், அந்த முகவரி உயிரோடு இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தி விடுகிறார். அதன்பிறகு அம்முகவரி மேலும் பல மோசடிக்காரர்களின் கைக்குப் போகலாம். அதோடு, எதிரில் இருப்பவர் இதையே தொழிலாகச் செய்பவர். எந்தச் சொல் கோபமூட்டும், எந்தச் சொல் ஆசையைக் கிளப்பும், எந்தச் சொல் பயமுறுத்தும் என்று அவர் நன்கு அறிவார். மாணவரோ வீட்டுப்பாடத்துக்கும் தூக்கத்துக்கும் உரிய நேரத்தை எடுத்து அவரோடு மோதுகிறார். இறுதியில் யாருடைய நேரம் வீணானது என்று கணக்குப் பார்த்தால், விடை மாணவருக்குச் சாதகமாக இராது.

பழுத்த அனுபவம் உள்ளவருக்கே இதில் ஆபத்து உண்டு. 'ஜிம் பிரவுனிங்' என்ற புனைபெயர் கொண்டவர், மோசடிக் கும்பல்களின் கணினிக்குள்ளேயே புகுந்து அவர்களின் செயலை வெளிப்படுத்தியவர். பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி 2020ஆம் ஆண்டில் அவர் திரட்டிய ஆதாரங்களை ஒளிபரப்பியது. அத்தகையவரையே 2021 ஜூலையில் ஒரு கும்பல் ஏமாற்றியது. யூடியூப் நிறுவனத்தின் உதவிப் பிரிவினர் போல் நடித்து, அவருடைய அலைவரிசையை அவர் கையாலேயே அழிக்க வைத்தது. பின்னர் அது மீட்கப்பட்டது. தமக்கு நேர்ந்ததை மறைக்காமல், யாரும் ஏமாறக்கூடும் என்று அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது. யானைக்கும் அடி சறுக்கும் என்றால், நேற்று நடக்கப் பழகிய குட்டி வழுக்குப்பாறையில் ஏறலாமா?

எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மறுமுனையில் தட்டச்சு செய்பவர் யார்? அவர் எப்போதும் குளிர்சாதன அறையில் அமர்ந்து பிறர் பணத்தில் கொழுப்பவராக இருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, அடிக்கும் உதைக்கும் அஞ்சி வேலை செய்பவர்கள் அவர்களுள் உள்ளனர். மலேசியர்களும் தமிழ்நாட்டு இளைஞர்களும்கூட அவ்வாறு சிக்கி மீட்கப்பட்டுள்ளனர்.

ஆள்பிடிப்பவரின் இனிய சொல் தோட்டத் தமிழருக்குப் புதியதன்று. தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தங்கள் முன்னோரை அழைத்து வந்ததாக இலங்கை மலையகத் தமிழரிடையே ஒரு வாய்மொழிக் கதை உண்டு. பொய் வாக்கை நம்பிக் கடல் கடந்தவர்களின் துயரத்தைக் கேட்டு வளர்ந்த சமூகம், இன்று அதே வகைப் பொய்யில் அகப்பட்டவரைக் கேலிப்பொருளாக்கி மகிழ்வது பொருந்தாது. மோசடியை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால், அடியாளை அலைக்கழித்துச் சிரிப்பதால் முதலாளியின் வருமானம் பெரிதாகக் குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் மோசடிக்காரர் விரித்த வலையை அவர்மீதே திருப்ப வழியில்லையா? உண்டு. அதற்கும் நேரமே கருவி. ஏமாற்றப்பட்டவரின் பணம் ஒரே கணக்கில் நெடுநேரம் தங்குவதில்லை. அது சில நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாறி, பல கைகளைத் தாண்டி மறைந்துவிடும். அந்த ஓட்டத்தைத் தடுப்பதற்காகவே 2022 அக்டோபரில் மலேசியாவில் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. அதன் அழைப்பு எண் 997. பணத்தை இழந்தவர் உடனே அந்த எண்ணுக்கோ தம் வங்கிக்கோ அழைத்தால், பணம் போன தடத்தைப் பின்தொடர்ந்து அதை முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். பணம் அனுப்பும் முன்னரே ஐயம் எழுந்தால், காவல் துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே புகாருக்கு உள்ளானவையா என்று பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு நிமிடம் போதும். மோசடிக்காரர் பல நாள் உழைத்து விரித்த வலை அந்த ஒரு நிமிடத்தில் அறுந்து போகும்.

இந்தச் சங்கிலியில் மாணவர்கள் நேரடியாக அறுக்கக்கூடிய கண்ணி ஒன்றும் உள்ளது. திருடிய பணத்தைக் கைமாற்றுவதற்குப் பிறருடைய வங்கிக் கணக்கு மோசடிக் கும்பலுக்குத் தேவை. மலாயில் 'அக்காவுன் கெல்டாய்' எனப்படும் இந்தக் 'கழுதைக் கணக்கு' இல்லாவிட்டால் திருடிய பணத்தை எளிதில் மறைக்க முடியாது. சில நூறு ரிங்கிட் தருகிறோம், வங்கி அட்டையைக் கொடு என்று இளைஞர்களிடம் கேட்பது இதற்காகத்தான். 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் இத்தகைய செயலைக் குற்றமாக்கியுள்ளது. 'எனக்கு ஒன்றும் தெரியாது, நண்பனுக்காகக் கொடுத்தேன்' என்னும் சொல் இழந்தவரின் பணத்தைத் திருப்பித் தராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மோசடிக்காரருக்குப் பெரிதும் உதவுவது ஏமாந்தவரின் வெட்கம். ஆண்டுக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து கொழுந்து பறித்துச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணத்தை இழந்த தாத்தா, பிள்ளைகள் ஏசுவார்களே என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கும்பலுக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நாளை அதே அஞ்சல் வரும்; எச்சரிக்க ஆளிருக்காது.

முன்பு தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடுவார்கள். பேர் பதிந்து வேலை பிரிப்பதற்கான கூட்டம் அது. ஆயினும், யார் வீட்டில் நோய், எந்தச் சரிவில் மண் சரிந்தது, எங்கே பாம்பு தென்பட்டது என்ற செய்திகளும் அங்கேதான் பரவின. பாம்பைக் கண்டவர் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. மோசடிச் செய்தியும் அவ்வாறே பேசப்பட வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் அஞ்சல்களைப் படித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. "தாத்தா, இது பொய்; இதோ, இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்" என்று பொறுமையாக விளக்கும் பேரன் அல்லது பேத்தி, மோசடிக்காரருக்கு நூறு கிண்டல் பதில்கள் எழுதுபவரைவிடப் பெரிய தடையாக நிற்கிறார்.

முள்ளை முள்ளால் எடுக்கும் வேலையை, அதற்கென உருவாக்கப்பட்ட இயந்திரங்களும் பயிற்சி பெற்ற அமைப்புகளும் தாராளமாகச் செய்யட்டும். மாணவர்களுக்குரிய பணி வீட்டுக்குள் இருக்கிறது. குடும்பத்தினர் அனைவரின் திறன்பேசியிலும் 997 என்னும் எண்ணைப் பதிந்து வைத்து, பணம் போனால் ஏச மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று பெரியவர்களுக்கு இன்றே உறுதி கூறுவது அதன் தொடக்கமாகட்டும்.