பிள்ளைகள் கையில் மாதிரி அட்டை

தீபாவளி நெருங்கும் நாட்களில் தாதர் நிலையத்தின் மேற்குப் புறம் இறங்கி ரானடே சாலை வழியே நடப்போர் தலைக்கு மேல் ஆகாச கந்தீல்களைக் காணாமல் செல்ல இயலாது. மாகிமில் 'கந்தீல் கல்லி' என்றே பெயர் பெற்ற சந்தும் உண்டு. மராட்டியர் வாயிலுக்குரிய இவ்விளக்குக் கூடு நம்மவர் வாயிலிலும் இடம்பெற்று நெடுநாளாகிறது. ஆயின், விலைக்கு வாங்கித் தொங்க விடுகிறோமேயன்றிப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யக் கற்பிக்கின்றோமில்லை. சென்ற ஆண்டு நம் இல்லத்தில் அதற்கு ஒரு முயற்சி நடந்தது. அதனைத் தோல்வி உட்பட அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நாம் தேர்ந்த கூடு எளியது. ஆறு சதுரமும் எட்டு முக்கோணமும் கூடினால் அவ்வுருவம் அமையும். பக்கங்கள் யாவும் ஒரே நீளம். மேற்சதுரத்தையும் கீழ்ச்சதுரத்தையும் திறந்துவிட்டால் விளக்குக்கு வழியாகும். எனவே வெட்ட வேண்டியவை நான்கு சதுரம், எட்டு முக்கோணம். ஒட்டுவதற்கான மடிப்பைச் சதுரத்தின் நான்கு பக்கமும் விட்டால் போதும், முக்கோணத்திற்குத் தேவையில்லை. ஆக, வேண்டுவன இரண்டே மாதிரி அட்டைகள்.

முக்கோணத்திற்குக் கவராயமும் வேண்டா. 1893ஆம் ஆண்டில் சென்னையில் சுந்தரராவ் என்னும் தமிழகத்து அறிஞர், காகிதத்தை மடித்தே வடிவ கணிதம் பயிலும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் அது அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பெற்றது. முறை இதுதான்: நான்கங்குலச் சதுரத் தாளை நேர்பாதியாக மடித்து விரித்தால் நடுவே ஒரு கோடு விழும். அக்கோடு நிமிர்ந்து நிற்குமாறு தாளை வைத்து, கீழ் மூலை ஒன்றை அழுத்திக்கொண்டு மற்றக் கீழ் மூலையைத் தூக்கி அக்கோட்டின் மேல் படியச் செய்க. அது படிந்த புள்ளியே முக்கோணத்தின் உச்சி. சதுரத்தின் அடிப்பக்கமே முக்கோணத்திற்கும் அடியாகையால், இரண்டின் அளவும் தாமே ஒத்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பயிலும் நம் மகள் இதை மும்முறை செய்து பார்த்து, மந்திரமோ என்று வியந்தாள்.

அதுவரை யாவும் நன்றே நடந்தன. பிறகு அவளும் அவள் தம்பியும் தாமே வெட்டுவதாகக் கூறவே, நாம் செய்தித்தாளில் ஆழ்ந்தோம். ஒட்டும் வேளையில் கூடு மூட மறுத்தது. எட்டாவது முக்கோணம் முதலாவதைவிட அரையங்குலம் பெரிது! "கடையிலேயே வாங்கிவிடலாம் அப்பா" என்று மகள் விம்மினாள். கத்தரிக்கோலை வாங்கி நாமே நறுக்கிச் சரிசெய்யக் கை நீண்டது. இல்லாள் கண்ணாலேயே தடுத்தாள்.

அன்று மாலை, தாராவியில் தோற்பை செய்யும் பட்டறையில் பல்லாண்டு வெட்டு வேலை பார்த்த நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பிள்ளை அட்டையை விட்டுவிட்டு, வெட்டின துண்டை வைத்தே அடுத்ததை வரைந்திருக்கிறாள்" என்றார். உண்மை அதுவே. பென்சில் கோடு விளிம்புக்கு வெளியே அல்லவா விழுகிறது? ஒவ்வொரு நகலும் தன் மூலத்தைவிட ஒரு கோட்டளவு தடித்து, ஏழு தலைமுறையில் அரையங்குலம் சேர்ந்துவிட்டது. பதிவேடுகளோடு வாழும் எழுத்தராகிய நாம் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். சென்ற மாதத்து நகலைப் பார்த்து இம்மாதத்து அறிக்கை எழுதினால் பிழையும் உடன் வளரும் என்பது நமக்குப் புதிதன்று.

பெரியவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "தாயி, இதுதான் பர்மா. இதன்மேல் 'மூலம்' என்று எழுதி ஓரத்தில் துளையிட்டு ஆணியில் மாட்டு. எத்தனை வெட்டினாலும் இதனிடமே திரும்பி வா" என்றார். பென்சிலைக் கூராக்கி நிமிர்த்திப் பிடிக்கவும், கோட்டின் உட்புறமாகவே வெட்டவும் காட்டினார். முக்கோணங்களைத் தலைகீழாக ஒன்றுவிட்டொன்று அடுக்கி வரைந்தபோது, முன்பு மூன்று தாள் தின்ற வேலை இரண்டு தாளில் அடங்கியது. தோலின் விலை அவர் கைக்குக் கற்றுத்தந்த சிக்கனம் அது.

பள்ளியிலிருந்து கைவேலை என்று வருவதோ, எவரோ வெட்டிவைத்த துண்டுகள் அடங்கிய பொட்டலம். ஒட்டுவதொன்றே குழந்தைக்கு மிச்சம். 1937இல் வார்தா மாநாட்டில் கைத்தொழில் வழியே கல்வி என்று காந்தியடிகள் வற்புறுத்தியது இதையன்று. நம் வீட்டு வாயிலில் மட்டும் என்ன வாழ்கிறது? புள்ளி வைத்துக் கோலமிட்ட அன்னையரின் பேத்திகள் அச்சிட்ட கோலத்தை ஒட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். இதில் பிறரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் வாயிலிலும் அதுவே இருக்கிறது.

மறுநாள் முக்கோணங்கள் எட்டும் புதிதாக வெட்டப்பட்டுக் கூடு மூடிக்கொண்டது. ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தாள் என்பதால் சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்கையே உள்ளே இட்டோம். அடுத்த வீட்டு மராட்டியச் சிறுவன் அட்டையை இரவல் கேட்டபோது, மாலைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று நம் மகன் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தான்.

இவ்வாண்டு அவனுக்கு இரண்டங்குல அட்டை வேண்டுமாம். பக்கம் பாதியானால் தாளும் பாதி போதும் என்பது அவன் கணக்கு. கால் பங்கே போதும் என்று நாம் சொல்லவில்லை. வெட்டிப் பார்க்கட்டும்.