பாலுக்கு ஒரு சட்டம் வேண்டும்

மழை பொய்த்து மானாவாரி நிலம் தரிசாய்க் கிடக்கும் வருஷத்தில் ஒரு சிறு குடும்பத்தின் ஜீவனத்தைத் தாங்கி நிற்பவை கொட்டிலில் கட்டியிருக்கும் இரண்டு கறவை மாடுகளே என்பதை நமது கிராமங்களை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். விடியுமுன் எழுந்து, சாணம் அள்ளி, பால் கறந்து, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிவரும் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. மளிகைக் கடனும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், அடுத்த பிண்ணாக்கு மூட்டையும் பால் பட்டுவாடாவை நம்பியே இருக்கின்றன. இத்தனை குடும்பங்களுக்கு ஆதாரமான இத்தொழிலில், உற்பத்தியாளருக்குக் கிடைக்கவேண்டிய விலையையும் அது கைக்கு வரவேண்டிய நாளையும் உறுதிசெய்யும் சட்டம் எதுவும் நம் மாநிலத்தில் இல்லை.

மாநிலத்துக் கூட்டுறவுப் பால் நிறுவனமான ஆவின் 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பாலின் விலையை 41 ரூபாயிலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தியது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அவை சர்க்காரின் மனமுவந்த அறிவிப்புகளே அன்றி, உற்பத்தியாளர் உரிமையோடு கேட்கத்தக்கவை அல்ல. அன்றியும், மாநிலத்துப் பாலில் பெரும்பகுதியை வாங்கும் தனியாரை அவை கட்டுப்படுத்துவதுமில்லை. 2020இல் ஊரடங்கினால் தேநீர்க் கடைகளும் ஹோட்டல்களும் மூடிக்கிடந்தபோது தனியார் பலர் கொள்முதல் விலையைக் குறைத்தார்கள். மாடுகளோ அன்றும் அதே தீவனத்தைத் தின்றன.

கரும்பு விவசாயியின் நிலைமை வேறு. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தரவேண்டுமென்றும், தவறினால் வருஷத்துக்கு 15 சதவிகிதம் வட்டி சேர்த்துத் தரவேண்டுமென்றும் விதிக்கிறது. அதனால் ஆலைகள் பாக்கியே வைக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. வைத்தன, இன்னும் வைக்கின்றன. ஆனால் பாக்கிக்காக வாதாடும் விவசாயியின் கையில் சட்டம் இருக்கிறது. பால் உற்பத்தியாளருக்கு அந்தப் பலம் அதிகமாகவே தேவைப்படுகிறது. காலையும் மாலையும் கறந்தே தீரவேண்டிய பொருளை, சில மணி நேரத்தில் திரிந்துவிடும் பொருளை, நல்ல விலை வரும்வரை அவர் எங்கே நிறுத்திவைப்பார்? வாங்குபவர் சொல்லும் கொழுப்பு அளவுக்கும், வாங்குபவர் சொல்லும் விலைக்கும் இணங்கிப் போவதைத் தவிர அவருக்கு வேறு மார்க்கமில்லை.

இந்தப் பலவீனத்தை உணர்ந்தே அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யம், மகா பொருளாதார மந்தத்தின் நடுவே, 1933இல் பால் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, விலையை நிர்ணயிக்க ஒரு வாரியத்தை அமைத்தது. ஒரு குவார்ட் பாலின் சில்லறை விலை 9 சென்ட் என்று வாரியம் விதித்திருக்க, ராச்செஸ்டர் நகரத்து மளிகை வியாபாரி லியோ நெப்பியா இரண்டு குவார்ட் பாலையும் ஒரு ரொட்டியையும் சேர்த்து 18 சென்டுக்கு விற்றதால் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பொது நன்மைக்காகப் பாலின் விலையை ஒழுங்குபடுத்த ராஜ்ய சட்டசபைக்கு அதிகாரம் உண்டென்று 1934இல் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தனியார் வியாபாரத்தின் சுதந்திரத்தைப் பெரிதும் போற்றும் தேசத்திலேயே இது சாத்தியமாயிற்று.

நமது அரசியல் சாசனம் விவசாயத்தையும், கால்நடைப் பாதுகாப்பையும், கூட்டுறவுச் சங்கங்களையும் மாநிலப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ஆகவே தமிழகச் சட்டசபை ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டும்: தீவனச் செலவையும் வீட்டாரின் உழைப்பையும் கணக்கிட்டு ஆண்டுதோறும் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் ஆணையம், கூட்டுறவுக்கும் தனியாருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் பத்து நாள் பட்டுவாடாக் கெடு, தவறினால் வட்டி, ஊற்றியவர் கண்ணெதிரே பரிசோதனை, அதற்கு அச்சிட்ட சீட்டு.

நகரத்து ஏழைக்குப் பால் விலை ஏறிவிடுமே என்ற ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. 2021இல் ஆவின் பால் விற்பனை விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டதே, அதுபோன்ற சலுகை அவசியமே. ஆனால் அதன் சுமையைக் கஜானா ஏற்கட்டும், மாடு வளர்ப்பவர் மீது அது இறங்க வேண்டாம். ஆணையத்தில் அதிகாரிகளும் பால் கம்பெனி முதலாளிகளும் மட்டுமே நிறைந்துவிடாமல், ஐந்து மாடுகளுக்கு மேல் வைத்திராத குடும்பங்களின் பிரதிநிதிகள் சரிபாதியாகவும், அவர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் அமைவதை அந்த மசோதாவிலேயே எழுதிவிடுவது உசிதம்.