நடுங்கும் சரீரத்தைக் கடிந்துகொள்ளாதிருங்கள்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-9



இந்த வாரத் தியானத்தை என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் சபையின் சகோதரி ஒருவர் ஆராதனை முடிந்தபின் என்னைத் தனியே சந்தித்தார். நாகப்பட்டினம் கடற்கரையில் பிறந்து, திருமணமாகி நம் பகுதிக்கு வந்தவர் அவர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் எழும்பிய ஆழிப்பேரலையில் தம் உறவினரை இழந்தவர். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, பாடகர் குழுவின் பயிற்சிச் சத்தம் கேட்டாலே கைகள் சில்லிட்டுப்போகின்றன என்றார். பிறகு, "ஐயா, எனக்கு விசுவாசம் குறைவா?" என்று கேட்டார்.

நான் வேதவசனங்கள் சிலவற்றை வாசித்தேன். அவர் தலையில் கைவைத்துப் பயத்தின் ஆவியைக் கடிந்து ஜெபித்தேன். இனி அஞ்சக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் வரவில்லை. அவருடைய கணவர் பின்னர் ஒருநாள் சொன்னார்: "பயம் வந்தால் பாவம் என்று நினைத்து, எங்களிடமும் அதை மறைக்க ஆரம்பித்துவிட்டாள், ஐயா." ஆறுதல் தேடி வந்தவரிடம், அவர் சுமந்து வந்த பாரத்தின்மேல் இன்னொரு பாரத்தையும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இதை நான் எழுதுவதற்கு அந்தச் சகோதரியே அனுமதி தந்தார்.

அன்றிரவு நான் வேதத்தைத் திறந்தபோது எலியாவின் சரித்திரத்தில் வந்து நின்றேன். பல முறை பிரசங்கித்த பகுதிதான். ஆயினும் அதிலுள்ள வரிசையை நான் கவனித்ததில்லை. கர்மேல் மலையில் வெற்றி கண்ட தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலைக் கேட்டு உயிர் தப்ப ஓடுகிறான். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, சாக வேண்டுமென்று கேட்கிறான். அப்போது தேவன் செய்தது என்ன? அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனிடம் விளக்கமும் கேட்கவில்லை. அவனை உறங்கவிட்டார். தூதனை அனுப்பித் தொட்டெழுப்பினார். சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கவிட்டார். மறுபடியும் தொட்டு, உண்ணச் செய்தார். அதன்பின் நாற்பது நாள் நடந்து அவன் ஓரேபை அடைந்தபோதுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி வருகிறது. சரீரம் ஆறிய பின்பே உரையாடல். நானோ அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் போதித்தேன்.

பழைய ஏற்பாட்டில் 'ஆத்துமா' என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல் 'நெஃபெஷ்'. தொண்டை, மூச்சு, உயிர், முழு மனிதன் ஆகிய பொருள்கள் எல்லாம் அதற்குண்டு. சரீரத்தை ஒரு கூடாகவும் ஆத்துமாவை அதனுள் வைத்த பொருளாகவும் எபிரேயர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவேதான் சங்கீதக்காரன் தன் துயரத்தைச் சொல்லும்போது எலும்புகளையும் கண்களையும் குடல்களையும் பற்றிப் பேசுகிறான். கெத்செமனேயில் நம் ஆண்டவருடைய வியாகுலமும் வேர்வையாய் அவருடைய சரீரத்திலே வெளிப்பட்டது. அதை அவிசுவாசம் என்று சொல்ல நம்மில் எவர் துணிவார்?

மருத்துவம் சொல்வதும் இதற்குத் தொலைவில் இல்லை. ஆபத்து நேரும்போது, நாம் சிந்திப்பதற்கு முன்பே நரம்பு மண்டலம் செயல்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; தசைகள் இறுகுகின்றன. போராடவோ ஓடவோ சரீரம் ஆயத்தமாகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துவிடுகிறது. ஆபத்து நீங்கியதும் இந்த ஆயத்தம் தணிய வேண்டும். சிலருக்கு அது தணிவதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்பும் ஒரு சத்தமோ, வாசனையோ, காலண்டரில் ஒரு தேதியோ போதும். எல்லாம் இப்போதே நடப்பதுபோல் சரீரம் எழும்பிவிடுகிறது. அந்த வேளையில் "பயப்படாதே" என்ற சொல் காதில் விழுகிறது. ஆனால் படபடக்கும் இதயத்தை அது எட்டுவதில்லை.

ஆகவே சரீரத்தின் வழியாகவே அமைதியைத் தொடங்கும் சிகிச்சை முறைகள் தோன்றின. சம்பவத்தை முழுவதும் சொல்லும்படி அவை முதலில் வற்புறுத்துவதில்லை. சிகிச்சை அளிப்பவர், "இப்போது உங்கள் நெஞ்சில் என்ன உணர்கிறீர்கள்? பாதங்கள் தரையில் இருப்பது தெரிகிறதா?" என்று கேட்கிறார். இறுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கவனிக்கவும், மூச்சை நிதானப்படுத்தவும், பாதுகாப்பான உணர்வுக்குத் திரும்பவும் பயிற்றுவிக்கிறார். அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய முறை இவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்று.

இது மேல்நாட்டாருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அந்த ஆழிப்பேரலைக்குப் பின் நம் தமிழகக் கடற்கரையிலேயே இம்முறை பயன்படுத்தப்பட்டது. கேத்தரின் பார்க்கர், ரொனால்ட் டாக்டர், ராஜா செல்வம் ஆகியோர் 2008இல் அதன் பலனை வெளியிட்டனர். உயிர்தப்பியவர்களுக்கு 75 நிமிட அமர்வு ஒன்றும், தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்ளும் பயிற்சியும் தரப்பட்டன. எட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, 90 சதவீதத்தினர் கணிசமான முன்னேற்றத்தையோ முழு விடுதலையையோ தெரிவித்தனர். நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் 183 பேரிடம் நடந்த வேறோர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் துன்ப அறிகுறிகள், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிட ஆறு வாரங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் ஆய்வில், சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. காலம் ஆற்றியது எவ்வளவு, சிகிச்சை ஆற்றியது எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்தறிய முடியாது. ஆய்வாளர்களே மேலும் கண்டிப்பான சோதனை தேவை என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இதை அற்புத மருந்தென்று நான் விளம்பரம் செய்யவில்லை. உறக்கமின்றித் தவிப்பவரும், சாக வேண்டுமென்று எண்ணுகிறவரும் மனநல மருத்துவரிடம் செல்லவேண்டும். மருந்து தரப்பட்டால் உட்கொள்ளவேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. இச்சிகிச்சைகள் அதற்குத் துணை நிற்பவை.

சபையார் சிலர் என்னிடம் கேட்பார்கள்: "ஐயா, மூச்சுப் பயிற்சி என்றால் யோகா ஆயிற்றே, அது நமக்குத் தகுமா?" நான் மேலே சொன்ன நாகப்பட்டினம் ஆய்விலும் யோகமுறை மூச்சுப் பயிற்சியே தரப்பட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூச்சு எந்த மதத்தின் உடைமையும் இல்லை. ஆதியில் மனிதனின் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதினவர் நம் தேவன். மூச்சை மெதுவாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிவது அவர் படைத்த நரம்பின் இயல்பு. மந்திரமோ வணக்கமோ உங்கள் மனச்சாட்சியை உறுத்தினால், அவை வேண்டாம் என்று சிகிச்சையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவையின்றியும் மூச்சு நிதானப்படும். சொல்லப்போனால், நாம் தலைமுறைகளாகக் கீர்த்தனை பாடி நெடுமூச்சு விடுகிறோம். முழங்காற்படியிட்டுச் சரீரத்தோடு ஜெபிக்கிறோம். அறியாமலே இந்த நன்மையில் கொஞ்சம் அனுபவித்து வந்திருக்கிறோம்.

வேறு சிலர், "ஜெபம் போதாதா?" என்பார்கள். எலும்பு முறிந்தவருக்கு ஜெபிக்கிறோம். மாவுக்கட்டுப் போடவும் அழைத்துச் செல்கிறோம். அங்கே எழாத கேள்வி இங்கே மட்டும் ஏன் எழுகிறது? எலியாவுக்கு அடையைச் சுட்டுக் கொடுத்த தேவன், ஜெபத்தைக் குறைவாக எண்ணி அதைச் செய்யவில்லையே.

நம் முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படையிலும் ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் பணிசெய்த குடும்பங்கள் பல உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் முகம் வெளிறும் முன்னாள் படைவீரரும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பெருமழை இரவுகளில் உறங்காத தாயும், வீட்டில் அடிவாங்கி வளர்ந்ததால் உயர்ந்த குரல் கேட்டதும் ஒடுங்கும் வாலிபரும் நம் நடுவில் இருக்கலாம். அவர்களுக்காக நம் சபை சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஜெபிக்கும்முன், "கை வைக்கலாமா?" என்று கேளுங்கள். எல்லாருக்கும் எல்லாத் தொடுகையும் ஆறுதல் அன்று. பலவந்தத்தை அனுபவித்தவருக்கு அதுவே பயத்தை எழுப்பக்கூடும். தலையைப் பிடித்து அழுத்தும் வழக்கத்தை நாம் அடியோடு விட்டுவிடுவோம். நடந்ததை எல்லார் முன்பும் சாட்சியாகச் சொல்லும்படி ஒருவரையும் நெருக்காதீர்கள். நடுங்குகிறவரின் அருகில் அமருங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடச் சொல்லி, நீங்களும் அவரோடு செய்யுங்கள். மூச்சைக் கவனிப்பதே அவருக்குக் கலக்கம் தந்தால் நிறுத்திவிட்டு, அறையில் தென்படும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். வசனத்தை அதன்பின் வாசிக்கலாம். அப்போது அது உள்ளே செல்லும்.

சிகிச்சையாளரைத் தேடும்போது அவருடைய தகுதியை விசாரியுங்கள். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். தொடுகை தேவைப்படும் முறையானால், அனுமதியின்றித் தொடுகிறவரிடம் மறுபடியும் செல்ல வேண்டாம். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளர் சிகிச்சையும் உண்டு. அங்கே தனியே செல்லத் தயங்குகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.

அந்தச் சகோதரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரிடம் சில மாதங்கள் சென்று வந்தார். கடந்த கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசலருகே, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பாடகர் குழு பாடத் தொடங்கியதும் எழுந்து வராந்தாவுக்குச் சென்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக உங்களுக்கு என் நன்றி. சுவரில் கைவைத்துச் சற்றுநேரம் நின்றார். மூன்றாம் பாடலின்போது உள்ளே வந்து அமர்ந்தார். பயம் முற்றிலும் நீங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவர் மறைக்கவில்லை, அது எனக்குப் போதுமானதாயிருந்தது.

ஜெபம்: எங்கள் சரீரங்களை உருவாக்கின பிதாவே, நடுங்குகிறவர்களை நியாயந்தீர்த்த எங்கள் நாவுகளை மன்னியும். எலியாவைத் தொட்டெழுப்பி உணவளித்த உமது பொறுமையை எங்களுக்குத் தாரும். உறங்க இயலாதவர்களுக்கு இன்றிரவு உறக்கம் அருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்